பொம்மை பொம்மையாகவே தெரிகிறதா? குன்னூர் ஜன்னல் திட்டிலிருந்து சில வைத்தியங்கள்

குன்னூரில் எங்கள் சமையலறை ஜன்னல் திட்டு ஒன்றரை அடி அகலம். அதில்தான் என் டீக்கடை இருக்கிறது. பாய்லருக்குப் பின்னால் ஐந்தரை அங்குல உயரத்தில் ஒரு மாஸ்டர், பெஞ்சில் மங்கி கேப் போட்ட இரண்டு பேர், தகரக் கூரை, பின்னால் தேயிலைச் சரிவு. நான்கு வருடமாக இதையே பிரித்துப் பிரித்துக் கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே காட்டும்படி வந்த படங்கள் முப்பது இருக்கலாம், அழித்தவற்றுக்குக் கணக்கில்லை. கீழே இருப்பதெல்லாம் அந்த அழித்த படங்கள் சொல்லிக்கொடுத்தது. வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்கள் படத்தில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

போகும்முன் ஒன்று மட்டும். படம் சரியில்லை என்றால் கேமராவைத் திட்டாமல், காட்சியில் எது சுருங்காமல் தன் நிஜ அளவிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுங்கள். கதவைச் சுருக்கலாம், பெஞ்சைச் சுருக்கலாம். தண்ணீர்த் துளி, நூல், தூசி, மேகம் இதெல்லாம் நம் பேச்சைக் கேட்காது. முக்கால்வாசி நேரம் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் மேசைமேல் வைத்த பொம்மை மாதிரியே தெரிகிறது

நின்றுகொண்டு மேலிருந்து எடுத்திருப்பீர்கள். அவ்வளவுதான். டீக்கடையை யாரும் முப்பதடி உயரத்திலிருந்து பார்ப்பதில்லை.

இதற்கு நான் பிடித்துக்கொண்ட கணக்கு சுலபமானது. என் அளவு 1-க்கு 12, அதாவது நிஜத்தின் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். பொம்மை வீடு கட்டுபவர்கள் உலகம் முழுக்க அதிகம் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு இதுதான். இங்கிலாந்து ராணி மேரிக்காக 1924-ல் கட்டி முடித்த பொம்மை மாளிகையும் இதே அளவு, அதை வடிவமைத்தவர் நம் புது தில்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸ். (மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நம் ரயில் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றமும் ஏறக்குறைய 12-க்கு 1தான். சம்பந்தம் ஒன்றும் இல்லை, நினைவில் நிற்கட்டும் என்று சொன்னேன்.) சரி, கணக்கு இது: சாலைக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி ஒரு ஆள் நின்று கடையைப் பார்க்கிறார், அவர் கண் தரையிலிருந்து ஐந்தடி உயரம். அப்படியானால் லென்ஸ் பத்து அங்குலம் தள்ளி, ஐந்து அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு குழந்தை பார்க்கிறது என்றால் மூன்று அங்குலம். யார் பார்க்கிறார், எங்கிருந்து பார்க்கிறார் என்று முடிவுசெய்துவிட்டால் கேமரா எங்கே என்பது தானாக வந்துவிடும்.

போனில் லென்ஸ் மேல் முனையில் இருப்பதால் அவ்வளவு தாழ இறங்காது. போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும்.

கடைக்குள் ஆள் நுழைந்தால் தலை இடிக்கும் போலிருக்கிறது

அளவுகள் கலந்துவிட்டன. நம் வீடுகளில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், ஏனென்றால் நாம் எல்லோரும் கொலு பார்த்து வளர்ந்தவர்கள். கொலுப்படியில் ஒரு முழப் பெருமாளுக்குப் பக்கத்தில் சாண் உயரச் செட்டியாரும் செட்டிச்சியும் மளிகைக்கடை விரித்திருப்பார்கள், அவர்கள் காலடியில் இருக்கும் சொப்பு அடுப்பில் செட்டியாரையே வைத்துச் சமைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம். கண் மன்னித்துவிடும். கேமரா மன்னிக்காது.

ஒரு அளவை எடுத்து அதிலேயே நில்லுங்கள். 1-க்கு 12 என்றால் ஐந்தரை அடி ஆள் ஐந்தரை அங்குலம், ஏழடிக் கதவு ஏழு அங்குலம், ஒன்றரை அடி உயரப் பெஞ்சு ஒன்றரை அங்குலம், இடுப்பளவு தேயிலைச் செடி மூன்று அங்குலம். பெண் குழந்தைகள் வைத்து விளையாடும் நீளமான ஃபேஷன் பொம்மைகள் கிட்டத்தட்ட 1-க்கு 6, அவற்றுக்கு எல்லாமே இரண்டு மடங்கு வேண்டும். கடையில் ஒரு பொருள் வாங்கும்போது உங்கள் பொம்மையைப் பையில் எடுத்துப்போங்கள், வெட்கப்படாதீர்கள். டீ கிளாஸ் எங்கும் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் புது டிரிப் டியூபை ஏழு மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கினால் அச்சு அசலாக டீ கிளாஸ்தான்.

முகம் தெளிவாக இருக்கிறது, மற்றதெல்லாம் கரைந்துபோகிறது

கிட்டே போகப் போக, தெளிவாக விழும் ஆழம் குறைந்துகொண்டே வரும். அப்படிக் கரைந்த படத்தைப் பார்த்ததுமே மூளை 'இது சின்னப் பொருள்' என்று முடிவுகட்டிவிடும். அதனால்தான் நிஜ ஊரின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கினால் ஊரே பொம்மை மாதிரித் தெரிகிறது.

கேமரா வைத்திருந்தால் எஃப் 11, எஃப் 16 வரை துளையைச் சுருக்குங்கள், ஷட்டர் நேரம் நீளும், ட்ரைபாட் இல்லாமல் முடியாது. போனில் துளையைச் சுருக்க வழி இல்லை. பின்னால் நகர்ந்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். மூக்கு பெரிதாகத் தெரிவதும் சேர்ந்து போய்விடும். இன்னும் வேண்டுமானால் போனை அசையாமல் நிறுத்தி, ஃபோகஸை முன்னிருந்து பின்னாக நகர்த்தி ஐந்தாறு படம் எடுத்து ஒன்றாக அடுக்குங்கள், அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. நான் பெரும்பாலும் சோம்பேறி வழியைத்தான் பிடிக்கிறேன்: மாஸ்டர், பாய்லர், பெஞ்சு மூன்றையும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் வைத்துவிடுவேன். ஃபோகஸ் பின்சுவருக்கு ஓடிக்கொண்டே இருந்தால், பொம்மையின் கண்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள்.

மிஸ்ட் வேண்டும், வரவே மாட்டேன் என்கிறது

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். நவம்பர் மாதம், மத்தியானம் மூன்று மணிக்கு எதிர் மலையை மேகம் விழுங்கிவிட்டது. இதைவிட நல்ல நேரம் வராது என்று ஜன்னலை விரியத் திறந்துவைத்து, அது உள்ளே வரும்வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தேன். வந்தது. அடுப்பு, அப்பளம் காயவைத்த தட்டு, என் டீக்கடையின் அட்டைச் சுவர், எல்லாவற்றையும் நனைத்தது. படத்தில் மட்டும் மிஸ்ட் இல்லை, பளிச்சென்று இருக்கிறது!

யோசித்தால் காரணம் புரியும். அடர்ந்த மிஸ்ட்டிலும் ஐம்பது மீட்டருக்கு உருவம் தெரியும். அந்த ஐம்பது மீட்டர் காற்று முழுவதும் சேர்ந்துதான் எதிர் மலையை மறைக்கிறது. என் கடைக்கும் பின்னால் இருக்கும் சரிவுக்கும் நடுவில் ஓர் அடி காற்று. ஓர் அடி மிஸ்ட்டால் ஒன்றும் மறையாது. நிஜ மேகத்தைச் சுருக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

ஊதுபத்திப் புகையும் சரிவராது, சுருள் சுருளாகப் போய் இட்லிக்கடை தீப்பிடித்த மாதிரி இருக்கும். பஞ்சு வேண்டவே வேண்டாம், அதன் நார் ஒவ்வொன்றும் கயிறு.

எனக்குப் பலித்தது அடுக்குதான். சரிவை மூன்று அட்டைகளாக வெட்டுங்கள். கிட்டே இருப்பது கரும்பச்சை, அடுத்தது சாம்பல் கலந்த நீலம், கடைசி கிட்டத்தட்ட வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு பட்டர் பேப்பர் அல்லது வெள்ளை நெட் துப்பட்டாவின் ஒரு மடிப்பு. பின்னாலிருந்து ஒரு விளக்கைப் பட்டர் பேப்பர் மேல் அடித்தால் சரிவு கரைந்து கரைந்து உள்ளே போகும். தூரம் போகப் போக மலை வெளுத்து நீலமாவதைத் தினமும் வாசலில் நின்று பார்க்கிறோம், அதையே காகிதத்தில் செய்கிறோம். (நீலகிரிக்குப் பெயர் வந்தது அந்த நீலத்தாலா, குறிஞ்சிப் பூவாலா என்ற வழக்குக்கு நான் வரவில்லை.) தேயிலைச் செடியும் பின்னால் போகப் போகச் சின்னதாக வேண்டும்: முன்வரிசை மூன்று அங்குலம், அடுத்து ஒன்றரை, கடைசியில் வெறும் புள்ளி. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரைப் பிய்த்து, மேலே கத்தரியால் மட்டமாக நறுக்கினால் கவாத்து பண்ணிய செடி தயார்.

வெள்ளை அதிகமான காட்சியைக் கேமரா தானாகவே இருட்டாக்கிச் சாம்பலாகக் காட்டும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் அல்லது ஒன்று கூட்டிவிடுங்கள்.

மழை பெய்யவைத்தேன், கேலியாகிவிட்டது

ஸ்ப்ரே பாட்டிலால் கூரைமேல் அடித்து, துளிகள் தொங்க அழகாக ஒரு படம் எடுத்ததாக நினைத்துக்கொண்டு அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, கூரையில எலுமிச்சம்பழமா காய்ச்சிருக்கு?"

சரியாகத்தான் கேட்டார். ஒரு துளி நான்கு மில்லிமீட்டர் என்றால் 12-ஆல் பெருக்குங்கள், ஐந்து சென்டிமீட்டர் வருகிறது, எலுமிச்சம்பழமேதான். தண்ணீரின் பரப்பு இழுவிசை பொம்மைக்காகக் குறைந்துகொடுக்காது. தரையில் ஊற்றினாலும் விளிம்பு உருண்டு குண்டாகத்தான் நிற்கும். ஆகவே தண்ணீரைப் பயன்படுத்தாமல் நனைந்த தோற்றத்தை மட்டும் கொண்டுவாருங்கள். கூரைக்கும் சாலைக்கும் பளபளப்பு வார்னிஷ், குட்டைக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு மூன்று பூச்சு (அடியில் தெர்மாகோல் இருந்தால் நெயில் பாலிஷ் அதைத் தின்றுவிடும், அட்டைமேல் மட்டும்). கூரை ஓரத்துச் சொட்டுக்கு அதே நெயில் பாலிஷை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். டீக்கும் இதே வழி: டியூபுக்குள் பழுப்புப் பெயின்ட், மேலே ஒரு சொட்டு பாலிஷ், பல்குத்தும் குச்சியால் வெள்ளை நுரை.

சால்வை தகரம் மாதிரி நிற்கிறது

துணி தடிமன். நூலின் தடிமன் பன்னிரண்டு மடங்காகத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். தாத்தாவின் பழைய மல்வேட்டி, பலமுறை துவைத்து நைந்த காட்டன் புடவை, இதைவிட நல்ல துணி கடையில் இல்லை. தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் முக்கி, பிழிந்து, பொம்மைமேல் போட்டு, மடிப்பை ஊசியால் கீழ்நோக்கி இழுத்துவிடுங்கள். துணிக்கு எடை இல்லாததால் தானாகத் தொங்காது, நாம்தான் தொங்கவைக்க வேண்டும். ஸ்வெட்டருக்குப் பழைய சாக்ஸின் கணுக்கால் பகுதி. மங்கி கேப்புக்குக் கம்பளி கையுறையின் சுண்டுவிரல் நுனியை வெட்டி, முகத்துக்கு ஒரு துளை. என் படங்களிலேயே அதிகம் பேர் சிரித்தது அந்தத் தொப்பிக்குத்தான்.

தோடர் பூவேலைச் சால்வை செய்ய ஆசைப்பட்டு மூன்று முறை தோற்றேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், பார்க்க எளிது. ஆனால் இழை எண்ணிப் போடும் வேலையை இந்த அளவில் ஊசியால் தொடவே முடியாது. மிக மெல்லிய பேனாவால் கோடு வரைந்துகொண்டேன். தூரத்துக் காட்சிக்குத் தாங்கும், கிட்டே தாங்காது.

ஓர் ஆளுக்கு இரண்டு நிழல்

வெளிப்புறக் காட்சியில் இரண்டு விளக்கு வைத்திருக்கிறீர்கள், இரண்டு சூரியன் என்று அர்த்தமாகிறது. ஒன்றை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். வெயில் வேண்டுமா, சின்ன டார்ச்சைத் தூரத்தில் வையுங்கள். மேகமூட்டம் வேண்டுமா, ஜன்னல் போதும்.

பாதி நீலம், பாதி மஞ்சள்

மேகம் மூடிய நாளில் ஜன்னல் வெளிச்சம் 6500 கெல்வினுக்கு மேலே, நீலம். அறையில் எரியும் மஞ்சள் பல்பு 2700. இரண்டையும் கேமரா ஒரே நேரத்தில் சமன்செய்ய முடியாது. பல்பை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளைக் காகிதத்தைக் காட்சியில் வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுங்கள், அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் எனக்கு இந்தக் கோளாறு பிடிக்கும். ஆறு மணிக்கு மேல் வெளியே நீலம், கடைக்குள் ஒரு மஞ்சள் பல்பு, அதுதான் மலை ஊர் டீக்கடை. ஒயிட் பேலன்ஸை 4000 பக்கம் நிறுத்திவிட்டு வேண்டுமென்றே கலக்க விடுகிறேன். பல்புக்கு மூன்று மில்லிமீட்டர் வார்ம் ஒயிட் எல்இடி, அதன் இரண்டு கால்களுக்கு நடுவில் 3 வோல்ட் பட்டன் பேட்டரி, நீளக் கால் கூட்டல் பக்கம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பேட்டரியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், விழுங்கினால் பெரிய ஆபத்து.

படத்தில் குறுக்கே கோடு கோடாக

வீட்டு எல்இடி மினுக்குகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள், போய்விடும்.

பொம்மை விழுகிறது, அல்லது படம் லேசாக அசைந்திருக்கிறது

பயறளவு தேன்மெழுகைப் பாதத்தில் ஒட்டுங்கள். இங்கே குளிரில் அது கல்லாகிவிடும், உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பிசைந்தபின் பிடிக்கும். அதற்கும் நிற்காதென்றால் குதிகாலில் ஒரு குண்டூசி. அசைவுக்குக் காரணம் எங்கள் வீட்டில் தரை: பழைய பலகைத் தரை, கூடத்தில் யாராவது நடந்தால் ட்ரைபாட் ஆடும். இரண்டு நொடி டைமர் போட்டு, வீட்டில் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன். அதற்குள் குக்கர் விசில் வரும்.

ஈரத்தால் வரும் கோளாறுகள்

சமவெளிக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆறாயிரம் அடியில் அக்டோபர், நவம்பரில் வேலை செய்பவர்களுக்கு மட்டும்.

ஃபெவிகால் காயவில்லை: காயாது. கீழே ஒரு மணி நேரம் என்றால் இங்கே ராத்திரி முழுக்க. பொறுமை இல்லை என்றால் ஹேர் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள்.

பாய்லர்மேல், கண்ணாடிமேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது: அது பூசணம் இல்லை, சூப்பர் க்ளூவின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து திரும்பப் படிந்த தூள். ஈரம் கூடினால் இது கூடும். குறைவாக வையுங்கள், ஃபேன் ஓடட்டும், ஒட்டியதை உடனே டப்பாவுக்குள் மூடாதீர்கள். கண்ணாடி மாதிரிப் பொருளுக்கு இந்தப் பசையே வேண்டாம். மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தாலும் இதே மாதிரி வெளுத்துப்போகும், வெயில் வரும் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

அட்டைச் சுவர் வில்லாக வளைந்தது: ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தீர்கள். மறுபக்கத்துக்கும் அதே பூச்சு அடித்து, காயும்போது புத்தகம் ஏற்றிவையுங்கள். இப்போதெல்லாம் நான் சுவருக்கு சன்போர்டுக்கு (பிளாஸ்டிக் நுரைப் பலகை) மாறிவிட்டேன்.

மண்பாதையில் வெள்ளை முடி முளைத்திருக்கிறது: இது பூசணமேதான். வடிகட்டிய டீத்தூளைப் பாதைக்குத் தூவினேன், நிறம் அவ்வளவு பொருத்தம், ஒரு வாரத்தில் மாஸ்டரின் முழங்கால்வரை வளர்ந்துவிட்டது. இப்போது தோசைக்கல்லில் சிறு தீயில் மொறுமொறுப்பாகும்வரை வறுத்து, சல்லடையில் சலித்துத்தான் தூவுகிறேன். மைதாப் பசையும் இங்கே நிற்காது. மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள், அது விஷம், பொம்மை விளையாடும் வீட்டில் வேண்டாம். பாசி வேண்டுமென்றால் வீட்டுக் கொல்லைச் சுவரில் சுரண்டுங்கள், சோலைக்காட்டுப் பக்கம் போகாதீர்கள். கொலுப் பூங்காவுக்குக் கடுகு முளைக்கவைப்பதுபோல் புல்லுக்கும் கடுகு போட்டுப் பார்த்தேன், குளிரில் முளைக்க ஒரு வாரம், முளைத்த மறுநாளே தென்னந்தோப்பு உயரம். வேடிக்கைக்கு ஒரு தடவை செய்யலாம்.

லென்ஸ் மங்கலாக இருக்கிறது: வெளியே குளிரில் இருந்த கேமராவை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் ஆவி படியும். உள்ளே வருமுன் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள், அரை மணி கழித்துத் திறங்கள். துடைத்தும் போகாமல் உள்ளே சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் அது லென்ஸ் பூசணம், மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். 1967-ல் தொடங்கி ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் ஃபோட்டோ ஃபிலிமே தயாரித்தார்கள், அந்த இடத்துக்கு இன்றும் இந்து நகர் என்றுதான் பெயர். அப்படிப்பட்ட மலையில் என் பழைய லென்ஸ் ஒன்று அலமாரிக்குள் இருந்தே கெட்டது. இப்போது ரப்பர் விளிம்பு வைத்த பெரிய டிபன் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், பத்து ரூபாய் நோட்டளவு ஈரமானி. அது 60-ஐத் தாண்டினால் சிலிக்காவை எடுத்து வாணலியில் போட்டுச் சூடுகாட்டுகிறேன். அந்த வாணலியில் சமைப்பதில்லை, அத்தையிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

டீக்கடையும் இப்போது அதே டப்பாவில்தான் தூங்குகிறது, மாஸ்டரின் தலையை மட்டும் கழற்றித் தனியாக வைக்க வேண்டியிருக்கிறது, மூடி ஒரு அங்குலம் குறைகிறது.